ஸ்க்ரோலில் விரியும் காலக்கோடு: பிளாக் எடிட்டரில் இடைவெளியின் கணக்கு

1753ஆம் ஆண்டில் ழாக் பர்பே-துபூர் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட உலக வரலாற்று அட்டவணை ஏறத்தாழப் பதினாறரை மீட்டர் நீளமுள்ள காகிதச் சுருளாக இருந்தது. அதைப் பெட்டிக்குள் உருளைகளில் சுற்றிவைத்து, கைப்பிடியைத் திருகி, வேண்டிய நூற்றாண்டைக் கண்முன் கொண்டுவர முடிந்தது. அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரே அளவு அகலம் ஒதுக்கப்பட்டதால், நிகழ்ச்சிகள் நெருங்கிக் கிடந்த காலமும் எதுவும் பதிவாகாத காலமும் பார்த்த மாத்திரத்திலேயே வேறுபட்டுத் தெரிந்தன. 1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி ஏறத்தாழ இரண்டாயிரம் பேரின் வாழ்நாளைக் கோடுகளாக வரைந்து வெளியிட்ட அட்டவணையும் இதே சீரான அளவுகோலையே கொண்டிருந்தது.

இன்று நிறுவனங்கள், கோயில்கள், கல்லூரிகள் ஆகியவற்றின் இணையதளங்களில் 'எங்கள் வரலாறு' என்ற தலைப்பின்கீழ் காணப்படும் காலக்கோடுகள் பெரும்பாலும் இந்த அளவுகோலைக் கைவிட்டவை. சம உயரமுள்ள பெட்டிகள் சம இடைவெளியில் அடுக்கப்படுகின்றன. இரண்டு ஆண்டு இடைவெளியும் நூறாண்டு இடைவெளியும் கட்டைவிரலின் ஒரே அசைவில் கடந்துபோகின்றன. பெட்டிகள் பக்கவாட்டிலிருந்து மிதந்துவந்து நிற்கும் அழகில் இந்தக் குறை மறைந்துவிடுகிறது. குறைக்குக் கருவியும் ஓரளவு காரணம் என்பதால், முதலில் அக்கருவி வேலைசெய்யும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இணையதளம் கட்டும் கருவியான வேர்ட்பிரஸ் மென்பொருளின் 5.0 பதிப்பு 2018 டிசம்பரில் வெளியானபோது, அதுவரை ஒரே நீண்ட எழுத்துப்பெட்டியாக இருந்த பதிப்புத்திரைக்குப் பதிலாக 'குட்டன்பர்க்' என்ற திட்டப்பெயர் கொண்ட பிளாக் எடிட்டர் இடம்பெற்றது. பிளாக் என்பது பத்தி, தலைப்பு, படம் போன்ற ஓர் உள்ளடக்க அலகு; ஒவ்வொன்றையும் தனியே நகர்த்தலாம், வண்ணமும் இடைவெளியும் தரலாம், ஒன்றினுள் ஒன்றை அடக்கலாம். தரவுத்தளத்தில் இவை சாதாரண எச்டிஎம்எல் உரையாகவே சேமிக்கப்படுகின்றன; ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கமும் முடிவும் வாசகருக்குத் தெரியாத குறிப்புரைகளால் அடையாளமிடப்படுகின்றன. காலக்கோட்டுக்கென்றே விற்கப்படும் பிளகின்களை, அதாவது கூடுதல் வசதி தரும் துணைநிரல்களை, நாடுவதைவிட அடிப்படை பிளாக்குகளைக் கொண்டே கட்டுவது சிறந்தது என்பதற்கு இந்தச் சேமிப்பு முறையே வலுவான காரணம்: பிளகின் நிறுத்தப்பட்டால் அதன் பிளாக்குகளை எடிட்டர் அடையாளம் காணாது, சில வகை பிளாக்குகள் பக்கத்திலிருந்தே மறைந்துவிடும், பத்தியும் தலைப்பும் படமும் எந்த நிலையிலும் எஞ்சி நிற்கும்.

தமிழ் அச்சு வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இடைவெளியின் சிக்கல் தெளிவாகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1586இன் 'அடியார் வரலாறு', 1679இல் அம்பலக்காட்டில் வெளிவந்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி, 1713இல் தரங்கம்பாடியில் இயங்கத் தொடங்கிய அச்சகம், 1812இன் திருக்குறள் மூலபாடம், அச்சகங்கள் மீதான உரிமக் கட்டுப்பாடு விலகிய 1835 ஆகியவற்றுக்குப் பின், 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் வெளிவந்தன. சாமிநாதையரின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. பதினொரு நிறுத்தங்கள் கொண்ட இந்த 320 ஆண்டுப் பயணத்தில் ஐந்து நிறுத்தங்கள் கடைசிப் பதினொரு ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன. பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய அந்த வேகத்தைச் சம இடைவெளிப் பெட்டிகளால் காட்டவே முடியாது.

எனினும், பர்பே-துபூரின் கறாரான அளவுகோலைக் கைப்பேசித் திரையில் அப்படியே பின்பற்றுவதும் இயலாது. ஓர் ஆண்டுக்குப் பத்து பிக்சல் என்று வைத்தால் 1713க்கும் 1812க்கும் இடையில் 990 பிக்சல் வெற்றிடம், அதாவது ஒரு முழுத் திரைக்கும் மேலான வெறுமை உண்டாகும். 1887க்கும் 1889க்கும் இடையிலோ 20 பிக்சல், ஒரு வரி எழுத்துக்குக்கூடப் போதாது. எனவே எல்லா இடைவெளிக்கும் குறைந்தபட்சம் 40 பிக்சல், அதன்மேல் ஆண்டுக்கு 4 பிக்சல் என்ற சமரசம் பொருந்தும்: 99 ஆண்டு இடைவெளி 436 பிக்சலாகவும் இரண்டு ஆண்டு இடைவெளி 48 பிக்சலாகவும் அமைந்து, விகிதம் மழுங்கினாலும் வேறுபாடு கண்ணுக்குத் தப்பாது. இதற்கு நிரல் எதுவும் தேவையில்லை; வெற்றிடம் விடுவதற்கென்றே உள்ள 'ஸ்பேசர்' பிளாக்கின் உயரத்தில் இந்த எண்ணை இட்டால் போதும். பெட்டியின் உரை நீண்டாலும் தூரம் கூடிவிடும் என்பதால், ஆண்டு, தலைப்பு, இரண்டு வரி விளக்கம் ஆகியவற்றை மட்டும் வெளியே நிறுத்தி, மற்றவற்றைத் தட்டினால் விரியும் 'டீடெய்ல்ஸ்' பிளாக்கினுள் வைப்பது பொருத்தம்.

ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஒரு 'குரூப்' பிளாக்காக, அதாவது பல பிளாக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் உறையாக அமைத்து, அதன் மேம்பட்ட அமைப்புகளில் ஒரு சிஎஸ்எஸ் வகுப்புப் பெயரைத் தருவது வழக்கம். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழி பிறகு அந்தப் பெயரைக் கொண்டே உறையை அடையாளம் காணும். கணினித் திரையில் பெட்டிகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைக்க விரும்புவோர், பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரிக்கும் 'காலம்ஸ்' பிளாக்கில் ஒரு வரிசையில் ஆண்டை இடப்பக்கமும், அடுத்த வரிசையில் வலப்பக்கமும் இடுகின்றனர். கைப்பேசியில் நெடுவரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்போது, இரண்டாம் வரிசையில் விளக்கம் முதலிலும் ஆண்டு அதற்குக் கீழும் வந்து விழுந்து, 1889 என்ற எண் அடுத்த நிகழ்ச்சிக்கு உரியதுபோல் தோன்றும். திரையை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகருக்கும் இதே குழப்பம் நேரும். எல்லா வரிசையிலும் ஆண்டையே முதலில் வைத்து, அகன்ற திரையில் மட்டும் சிஎஸ்எஸ் மூலம் பக்கம் மாற்றுவதே முறை.

அசைவுக்கு வருவோம். 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட, வாஷிங்டன் மாநிலப் பனிச்சரிவைப் பற்றிய 'ஸ்னோ ஃபால்' கட்டுரைக்குப் பிறகு, ஸ்க்ரோல் செய்யச் செய்ய விரியும் பக்கங்கள் உலகெங்கும் இதழியல் நாகரிகமாயின. அக்காலத்தில் அவை ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் இயங்கின. வாசகர் திரையை நகர்த்தும் ஒவ்வொரு கணமும் நிரல் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டியிருந்ததால், விலை குறைந்த கைப்பேசிகளில் பக்கம் திக்கித் திணறியது. ஓர் உறுப்பு திரைக்குள் நுழைந்ததும் ஒருமுறை தகவல் தரும் 'இன்டர்செக்ஷன் அப்சர்வர்' என்ற வசதி பிரௌசர்களில் வந்தபின் அச்சுமை குறைந்தது. 2023 ஜூலையில் குரோம் 115 பதிப்புடன் வந்த ஸ்க்ரோல்வழி அனிமேஷன் இவ்வேலையைச் சிஎஸ்எஸ்ஸிடமே ஒப்படைத்தது. 2025இல் சஃபாரி 26 பதிப்பும் இதை ஏற்றது. வழக்கமான அனிமேஷன் கடிகாரத்தின்படி ஓடும். இதுவோ ஸ்க்ரோலின் இருப்பிடத்தின்படி ஓடுவதால், வாசகர் நின்றால் நிற்கிறது, மேலே திரும்பினால் பின்னோக்கி ஓடுகிறது. ஆண்டுகளுக்கு ஏற்ற தூரம் விடப்பட்ட பக்கத்தில், பெட்டிகளை இணைக்கும் செங்குத்துக்கோடு இவ்வாறு வளர்ந்தால், நூறாண்டைக் கடக்க வாசகர் உண்மையிலேயே நெடுநேரம் திரையை நகர்த்த வேண்டியிருக்கும்; அசைவுக்குப் பொருள் கிடைப்பது அங்கேதான்.

கோட்டின் உயரத்தை நேரடியாக மாற்றினால் பிரௌசர் பக்கத்தின் அமைப்பைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும். முழு நீளக் கோட்டை வரைந்து, உருமாற்றப் பண்பால் அதை மேல்முனையிலிருந்து நீட்டினால் அந்தச் சுமை இல்லை. நடைமுறையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. அனிமேஷனின் பெயர், கால அளவு முதலியவற்றை ஒரே வரியில் கூறும் சுருக்கப் பண்பு ஸ்க்ரோல் இணைப்பை அழித்துவிடும் என்பதால், அந்த இணைப்பைச் சுருக்கப் பண்புக்குப் பின்னரே எழுத வேண்டும். முன்னால் எழுதியவர்கள் பெட்டி ஏன் அசையவில்லை என்று நெடுநேரம் தேடுவார்கள். மற்றொன்று, வெளி உறையில் 'வழிவதை மறை' என்ற அமைப்பு இருப்பது. பிரௌசர் அந்த உறையையே ஸ்க்ரோல் செய்யும் பகுதியாகக் கருதிவிடுவதால், அனிமேஷன் உறைந்து நிற்பதோடு, ஆண்டெண் திரையின் மேல் ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டாமலும் போகிறது.

பெட்டிகளைத் தொடக்கத்தில் ஒளித்துவைக்கும் கட்டளை, ஸ்க்ரோல்வழி அனிமேஷன் வசதி உள்ள பிரௌசரில் மட்டுமே செல்லுபடியாகும் நிபந்தனைக்குள் எழுதப்பட வேண்டும். இல்லையேல் வசதி இல்லாத பிரௌசரில் வாசகர் காண்பது வெற்றுப்பக்கம். அசைவைப் பார்த்தால் தலைசுற்றலுக்கு உள்ளாவோர் தம் கருவியில் அசைவைக் குறைக்கும் விருப்பத்தைத் தேர்ந்திருந்தால், அதையும் இதே இடத்தில் மதிக்க முடியும். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்யும் ஆயத்த நிரல்கள் தமிழுக்கு ஆகாதவை. அவற்றுள் பல உரையைக் குறியீடு குறியீடாக வெட்டுவதால், 'கொல்லம்' என்ற சொல்லில் ககரம் தனியாகவும் ஒகரக் குறி புள்ளிவட்டத்தோடு தனியாகவும் திரையில் வந்து நிற்கும். சொல் சொல்லாகப் பிரிப்பது பாதுகாப்பானது. பெட்டியை முழுதாகத் தோன்றச் செய்வது அதனினும் நன்று.

தொழில்நுட்பம் அறியாத அலுவலர் ஒருவர் பின்னாளில் புதிய நிறுத்தத்தைச் சேர்க்கவேண்டி வருமாதலால், ஒரு நிறுத்தத்தின் அமைப்பை 'பேட்டர்ன்' ஆக, அதாவது மீண்டும் மீண்டும் இடக்கூடிய வார்ப்பாகச் சேமித்துவைப்பது வழக்கம். வார்ப்பைத் திருத்தினால் எல்லா நிறுத்தங்களும் மாறும், உள்ளடக்கம் மட்டும் தனித்தனியே இருக்கும் என்ற வசதி 2024இல் வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பில் வந்தது. ஆனால் அது தலைப்பு, பத்தி, படம், பொத்தான் ஆகிய பிளாக்குகளுக்கே வழங்கப்பட்டது. ஆகவே ஆண்டு இடைவெளியைச் சுமக்கும் ஸ்பேசரை வார்ப்பினுள் அடைத்தால் எல்லா இடைவெளியும் மறுபடி ஒரே அளவாகிவிடும். அதை வார்ப்புக்கு வெளியே, இரு நிறுத்தங்களுக்கு நடுவில் தனியாக இட்டு, ஆண்டைக் கணக்கிட்டு உயரம் தருமாறு அலுவலருக்கு ஒருவரிக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும்.