ஓட்டுநரின் உறக்கத்தைக் காக்கும் கருவி

2003 பிப்ரவரி 26. ஜப்பானின் சான்யோ தடத்தில் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்த புல்லட் ரயிலில், ஓட்டுநர் சுமார் எட்டு நிமிடம் உறங்கிப்போனார். ஒகாயாமா நிலையத்தில் தானியங்கிக் கட்டுப்பாடுதான் வண்டியை நிறுத்தியது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே நின்றதால், பின்பெட்டிகள் சில நடைமேடைக்கு வெளியே கிடந்தன. பரிசோதித்தபோது அவருக்கு ஸ்லீப் ஆப்னியா என்னும் உறக்க மூச்சுத்தடை நோய் இருப்பது தெரிந்தது.

லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்தால் அப்படி நிறுத்திவைக்க நெடுஞ்சாலையில் ஏற்பாடு எதுவும் கிடையாது.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்ளும். குறட்டை சட்டென்று நிற்கும். மார்பு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்பும். பெரிதாக ஒரு மூச்சு, மறுபடி உறக்கம். விழித்ததே காலையில் நினைவிருக்காது. மணிக்கு 30 முறை இப்படி நடந்தால் கடுமையான நோய் என்கிறது மருத்துவம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் பகலில் கண் சொருகும் இந்த மனிதரைத் தூங்குமூஞ்சி என்று திட்டுவது அநியாயம்.

முன்பெல்லாம் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவார்கள். 1980-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் வேறு வழி கண்டார். மூக்குக் கவசம் வழியே காற்றை இடைவிடாமல் மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினார். அந்தக் காற்றே தொண்டைக்கு முட்டுக்கொடுத்தது, மூச்சுப்பாதை மூடவில்லை. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை அடுத்த ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டார். இன்று சிபாப் எனப்படும் அந்தக் கருவி தலைமாட்டில் அடங்கிவிடுகிறது: ஒரு சின்னப் பெட்டி, நெளியும் குழாய், முகத்தில் கவசம். நோயாளி எத்தனை மணி நேரம் அணிந்தார் என்பதையும் அதுவே பதிந்துவைக்கும்.

அமெரிக்க லாரி ஓட்டுநர்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வுக்கு இந்தப் பதிவுதான் கைகொடுத்தது. நோய் கண்டறியப்பட்டும் கருவியை அடியோடு பயன்படுத்தாதவர்களிடம், தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகளின் விகிதம் மற்ற ஓட்டுநர்களுடையதைப் போல ஐந்து மடங்காக இருந்தது. ஒழுங்காக அணிந்தவர்களோ மற்ற ஓட்டுநர்களைப் போலவே வண்டி ஓட்டினார்கள்.

அப்படியிருந்தும் ஓட்டுநர்கள் பலர் பரிசோதனைக்கு வரத் தயங்குகிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம் ஒருபுறம். மறுபுறம், குறட்டை நின்று நின்று வருவதை வீட்டில் பக்கத்தில் படுப்பவர்தான் கவனிப்பார். வண்டிக்குள்ளேயே தனியாக இரவைக் கழிப்பவருக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? உரிமம் புதுப்பிக்கும்போது கண்ணைச் சோதிப்பது போல உறக்கத்தைப் பற்றியும் நான்கு கேள்வி கேட்கலாம். சந்தேகம் வந்தால், விரலில் ஒரு கிளிப்பும் மூக்கில் மெல்லிய குழாயும் மாட்டி ஓரிரவு வீட்டிலேயே உறங்கினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.