மெல்லிசை இரட்டையர்

அந்தமான் தீவுகளில் குடியேறிய தமிழர்க்கு 1978இல் வெளிவந்த ‘அந்தமான் காதலி’ நெருக்கமான படமாகும். அதன் இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன். முன்னாளில் அப்பெயருடன் இணைந்தே வந்த மற்றொரு பெயர் அதில் இல்லை. அந்த இணைப்பின் வரலாற்றை நாம் ஈண்டுக் காண்போம்.

எலப்புள்ளியில் பிறந்த விசுவநாதனும், திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வயலின் கலைஞர் டி. கே. இராமமூர்த்தியும் சி. ஆர். சுப்பராமனிடம் பணியாற்றியவர்கள். 1952இல் அவர் மறைந்தார்; அவர் விட்டுச்சென்ற பணிகளை இருவரும் முடித்தளித்தனர். அவ்வாண்டே ‘பணம்’ படத்தின் வாயிலாக இரட்டையராயினர்.

நம் இராகங்களை நிலைக்களனாகக் கொண்டு, போங்கோவின் துள்ளலையும் வயலின் குழுவின் குழைவையும் அவற்றோடு இசைவித்தமையே இவர்தம் தனிச்சிறப்பு எனலாம். 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் பெற்றனர். அதே ஆண்டில்தான் போர்ட் பிளேயரில் வானொலி நிலையமும் தொடங்கிற்று.

1965இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துடன் இணை பிரிந்தது. அப்படமும் ஒரு தீவில் அடிமைப்பட்டோரின் கதையே. பின்னர் விசுவநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்திக்கோ சில படங்களே வாய்த்தன. 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ இருவரையும் மீண்டும் இணைத்தது. 2013இல் இராமமூர்த்தியும் 2015இல் விசுவநாதனும் மறைந்தனர்.

பெயர்கள் பிரிந்தன, பாடல்கள் பிரியவில்லை. அவற்றில் எது எவர் பங்கு என்று நாம் பிரித்தறிதல் அரிது. கூட்டுழைப்பின் வெற்றி அதுவன்றோ! அப்பாடல்களைக் கேட்குந்தோறும் இரு பெயர்களையும் சேர்த்தே நினைத்தல் நம் கடன்.