நகர மறுக்கும் கால்கள்

திருவாரூர் ஆழித்தேர் ஓடத் தொடங்கிவிட்டால் அதை இழுத்துச் செல்வது ஓரளவு எளிது. நிலையிலிருந்து கிளப்புவதும் வீதி முனையில் திருப்புவதுமே கடினம். பார்க்கின்சன் நோயாளர் பலரின் நடையும் இத்தகையதே. எழுந்து முதல் அடி வைக்கும்போதும், திரும்பும்போதும், குறுகிய வாசலைக் கடக்கும்போதும் அவர்களுடைய பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. தேருக்குத் தடை அதன் எடை. மனிதருக்குத் தடை எது? கால் வலுவிழந்துவிட்டதா?

முக்கியக் காரணம் அதுவன்று. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி உடலை முன்னே உந்துகிறது. பிறகு அது தளர, முழங்காலுக்குக் கீழே முன்புறமுள்ள தசை சுருங்கிப் பாதத்தைத் தூக்குகிறது. ஒன்று இழுக்க மற்றது விட்டுக்கொடுக்கும் இம்முறை நாம் எண்ணாமலே நிகழ்கிறது. தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி, தசைகளில் எழும் நுண்ணிய மின்மாற்றங்களைப் பதிவு செய்து இதனைக் காணலாம். நோயாளரின் பதிவில் கெண்டைக்கால் தசையின் உந்தல் குறைந்திருக்கும். கால் ஒட்டிக்கொள்ளும் வேளையிலும் தசைகள் ஓய்ந்திருப்பதில்லை. உரிய நேரத்திற்கு முன்பே சுருங்குகின்றன. சில வேளைகளில் இரண்டும் ஒருசேரச் சுருங்குகின்றன. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் நகருமா?

குறை மூளையில் உள்ளது. நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அவை அழிய அழிய, பழகிய அசைவுகளைத் தொடங்கி ஒழுங்குபடுத்தும் வேலை தடுமாறுகிறது. 1817-இல் இந்நோயை விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். மூளையில் டோப்பமினாக மாறும் லெவோடோப்பாவே 1960-களின் இறுதியிலிருந்து இதற்கு முதன்மை மருந்து. வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து இதே பொருளை 1937-இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் ஆராய்ந்த தாமோதரனும் இராமசாமியும் ஆவர். ஆயினும் விதைக்கு விதை அதன் அளவு மாறும். மருத்துவரைக் கேளாமல் உண்பது ஆபத்து.

மருந்தோடு ஓர் எளிய வழியும் உண்டு. தரையில் ஓர் எட்டு இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போட்டு வைத்தால், ஒட்டிக்கொண்ட கால் பலருக்குக் கோட்டைத் தாண்டி எழுகிறது. தாளமிட்டு எண்ணுவதும் உதவும். எண்ணாமல் நடக்கும் வழி பழுதானாலும், கண்ணும் காதும் தரும் குறிப்பைக் கொண்டு மூளை வேறு வழியில் கட்டளை அனுப்புகிறது.

ஆகவே, வீட்டுப் பெரியவர் வாசற்படியில் நின்றுவிட்டால் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடக்கூடும். “தாத்தா, அவசரமில்லை. இந்தக் கோட்டைத் தாண்டி வாருங்கள்” என்று சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.