கையடக்க விளையாட்டுக் கருவியில் பல உரைச்சாளரங்களை அமைத்தல்: 'கொற்கை' என்னும் சொல்வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நிண்டெண்டோ டிஎஸ் போன்ற கருவிகளுக்கு ஆர்வலர்கள் எழுதும் நிரல்களில் ஒரே திரையைப் பல உரைச்சாளரங்களாகப் பகுக்க இயலும். அப்பகுப்பு 'ஒரு குறிக்கு ஒரு கட்டம்' என்னும் கருத்தின்மேல் நிற்பதால் தமிழுக்குப் பொருந்துவதில்லை என்பதையும், அதற்குரிய மாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உரைச்சாளரம், உயிர்மெய், ஒருங்குறி, கொற்கை

முன்னுரை

தாமிரபரணிக்கு அருகிலுள்ள பண்டைய பாண்டியர் துறைமுகமான கொற்கையில் 1968-69ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இவ்வூரைப் பற்றிய களக்குறிப்பு ஒன்றைக் கையடக்கக் கருவியில் காட்டுவதாகக் கொள்வோம். இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம் அருஞ்சொற்பொருள் என இரு சாளரங்கள் தேவைப்படும்.

சாளரத்தின் இயல்பு

நிண்டெண்டோ டிஎஸ் கருவியின் இரு திரைகளும் தனித்தனியே 256×192 படப்புள்ளிகள் கொண்டவை. 8×8 கட்டங்களாகப் பகுத்தால் ஒரு திரையில் 32 நிரல்களும் 24 வரிகளும் அமையும். லிப்என்டிஎஸ் நிரலகத்தில் 'கன்சோல்செட்விண்டோ' என்னும் கட்டளை சாளரத்தின் தொடக்க இடம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கட்டக் கணக்கில் பெறுகிறது. 'கன்சோல்செலக்ட்' எழுதவேண்டிய சாளரத்தைத் தேர்கிறது. ஒவ்வொரு சாளரமும் தன் எழுதுமிடத்தைத் தானே நினைவில் கொள்வதால், ஒன்றில் உரை நகர்ந்தாலும் மற்றொன்று குலைவதில்லை.

தமிழில் எழும் சிக்கல்

'கொற்கை' என்பதில் எழுத்துகள் மூன்று (கொ, ற், கை). ஒருங்குறிப் புள்ளிகள் ஆறு. யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் பதினெட்டு. பைட்டுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால், 16 நிரல் அகலமுள்ள சாளரத்தில் ஐகாரக் குறியின் முதற் பைட்டோடு வரி முறிந்துவிடும். ஒருங்குறிப் புள்ளிக்கு ஒரு கட்டம் ஒதுக்கினாலும், மெய்க்குப் பின் சேமிக்கப்படும் ஐகாரக் குறி திரையில் அதன் முன் வரவேண்டும் என்னும் சிக்கல் எஞ்சுகிறது.

எழுத்துரு அளவு

8×8 கட்டத்தில் ணகரம் போன்றவை தெளிவாக அமையா. எனவே 16×16 அளவு கொள்வோம். ஒரு வடிவத்திற்கு நான்கு கட்டங்கள். 247 எழுத்துகளையும் முழுமையாக வரைந்தால் 988 கட்டங்கள் ஆகும். ஒரு பின்னணி குறிக்கத்தக்க 1024 கட்டங்களில் 36 மட்டுமே எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் எஞ்சும். மேலும், 'ணொ' 16 படப்புள்ளி அகலத்துள் அடங்காது.

துண்டுகளாக வரைவதே ஏற்றது. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி மெய் 18, இகர ஈகார உகர ஊகார வடிவங்கள் 72, தனிக்குறிகள் 5 (ா, ெ, ே, ை, ௗ) என 126 துண்டுகள் போதும். இவற்றுக்கு 504 கட்டங்களே தேவை.

செயல்முறை

முதலில் உரையை எழுத்தெழுத்தாகப் பிரித்தல் வேண்டும். அடுத்து, ஒவ்வோர் எழுத்தின் துண்டுகளையும் திரையில் தோன்றும் வரிசைக்கு மாற்றி, அவற்றின் அகலத்தைக் கூட்டுதல் வேண்டும். அக்கூட்டு சாளரத்தின் எஞ்சிய அகலத்தை மிகுமாயின், எழுத்தைப் பிளவாது முழுமையாக அடுத்த வரிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். இவ்வேலையைக் கணினியிலேயே முன்கூட்டி முடித்துத் துண்டு எண்களை மட்டும் கருவிக்கு அளித்தால் அதன் சுமை குறையும்.

முடிவுரை

சாளரத்தின் எல்லையைக் கட்டம் வரையறுக்கலாம். வரி முறியுமிடத்தை எழுத்தே வரையறுக்க வேண்டும். உயிர்மெய்யை ஓர் அலகாகக் கொள்ளும் தமிழ் இலக்கண மரபு, சிறுதிரை நிரலாக்கத்திற்கும் நேரடியாகப் பயன்படும் அளவீடாகும் என்பது இதனால் பெறப்படும்.