இருதயம் சீரான பின்னர்: பிறவி இருதய நோயும் குழந்தையின் வளர்ச்சியும்

பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகளின் இருதயம் அமைப்பில் குறையுடையதாய் இருக்கிறது. இருதய அறைகளைப் பிரிக்கும் சுவரில் துவாரம் இருத்தல், வால்வுகள் குறுகியிருத்தல், பெரிய இரத்தக் குழாய்கள் இடம் மாறி அமைந்திருத்தல் என இக்குறைகள் பல வகைப்படும். இவை யாவும் பிறவி இருதய நோய் என்ற பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. நமது நாட்டில் ஆண்டுதோறும் இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகை 2 லட்சத்திற்கு மேற்படும் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதலாண்டிலேயே சிகிச்சை தேவைப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்குழந்தைகளுக்காக வைத்தியர்கள் செய்யக்கூடியது சொற்பமாகவே இருந்தது. 1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல வழி வகுக்கும் அறுவைச் சிகிச்சை ஒன்று செய்யப்பட்டது. டாக்டர் ஹெலன் டௌசிக் இதன் அவசியத்தை எடுத்துரைத்தார். டாக்டர் ஆல்பிரட் பிளலாக் அறுவையை நிகழ்த்தினார். ஆய்வுக்கூடத்தில் அதன் முறையைச் செம்மைப்படுத்தியவர் விவியன் தாமஸ். உடல் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு இது புதுவாழ்வு அளித்தது. 1953-இல் டாக்டர் ஜான் கிப்பன், இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணைகொண்டு, இருதயத்தைத் திறந்து சீர்செய்வதில் வெற்றி கண்டார். இன்று தக்க சிகிச்சை கிடைக்கும் இடங்களில், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகின்றனர்.

உயிர் காக்கப்பட்டதும் மற்றொரு வினா எழுந்தது. இருதயம் சீரான குழந்தை, மற்றக் குழந்தைகளைப் போலவே உட்கார்ந்து, நடந்து, பேசி, கல்வி கற்று வளருமா என்பதே அவ்வினா. இருதயத்திற்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கக்கூடும். அத்தொடர்பு மூளையின் வழியாக ஏற்படுகிறது. முதிர்ந்த மனிதனின் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவிகிதமே. ஆயினும் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது செலவிடுகிறது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் மூளை மிக விரைவாக வளர்கிறது. அக்காலத்தில் இரத்த ஓட்டத்தில் நேரும் குறைவு அதன் வளர்ச்சியைத் தடைசெய்தல் இயல்பே.

இத்தடை பிறப்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. கருவிலுள்ள சிசுவுக்குப் பிராணவாயு தாயிடமிருந்து தொப்புள்கொடியின் வழியாக வருகிறது. இயல்பான இருதயத்தில், பிராணவாயு மிகுந்த இந்த இரத்தத்தின் பெரும்பகுதி இடப்பக்கத்தை அடைந்து, பெருந்தமனியின் மூலம் மூளைக்குச் செல்கிறது. பெரிய இரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கும் சிசுவிலோ, பிராணவாயு குறைந்த இரத்தமே மூளையை நோக்கிச் செல்கிறது. இத்தகைய கடுமையான குறைகளுடன், உரிய மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளின் மூளையைக் காந்தப் படக் கருவியால் ஆராய்ந்தபோது, அறுவைச் சிகிச்சைக்கு முன்னரே அதன் முதிர்ச்சி ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருந்தமை புலனாயிற்று.

பிறந்த பின்னரும் இடையூறுகள் உள. பால் அருந்தும்போதே குழந்தை களைத்து வியர்த்துவிடுவதால் போதிய ஊட்டம் பெறுவதில்லை. நீண்ட நாட்கள் மருத்துவமனையில் படுத்திருப்பதால், தவழவும் விளையாடவும் வாய்ப்புக் குறைகிறது. வீடு திரும்பியதும், அச்சத்தினால் பெற்றோர் குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமலே வளர்ப்பதும் உண்டு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி இது குறித்து நமக்கு நல்ல படிப்பினை தருகிறது. 1988 முதல் 1992 வரை, இரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்த 171 சிசுக்களுக்கு அங்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. ஒரு பிரிவினருக்கு உடலை மிகக் குளிரச் செய்து இரத்த ஓட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு இயந்திரத்தால் குறைந்த அளவு ஓட்டம் தொடர்ந்து செலுத்தப்பட்டது. ஒரு வயதில், முதற்பிரிவினர் உடலியக்கத்தில் பின்தங்கியிருந்தனர். எட்டு வயதில் சோதித்தபோது, இரு பிரிவினரின் பொது அறிவுத்திறனும் ஏறக்குறைய இயல்பான அளவிலேயே இருந்தது. எனினும் கவனம், கையின் நுட்பச் செயல்கள், உருவங்களையும் இடங்களையும் அறிதல், பல படிகள் கொண்ட வேலையைத் திட்டமிடுதல் ஆகியவற்றில் பலரிடம் குறை காணப்பட்டது. மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் பள்ளியில் தனி உதவி பெற்று வந்தனர்.

இதனால் விளங்குவது யாது? அறிவுள்ள குழந்தையிடமும் மறைவான குறை இருக்கக்கூடும். அது பள்ளிப் பருவத்திலேயே வெளிப்படலாம். காரணம் அறியாத ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்று கருதித் தண்டிப்பார். பெற்றோரோ, இருதயம் குணமாகிவிட்டதே என்று எண்ணி, இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. உதவி பெற வேண்டிய ஆண்டுகள் இவ்வாறு வீணாகின்றன. ஆதலால், இக்குழந்தைகளின் வளர்ச்சியைக் குறித்த கால இடைவெளிகளில் சோதித்து வரவேண்டுமென அமெரிக்க இருதயச் சங்கம் 2012-இல் பரிந்துரைத்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை எளியவையே. நான்கு மாதத்தில் தலை நிற்கிறதா? ஒன்பது மாதத்தில் துணையின்றி உட்காருகிறதா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா? பதினெட்டு மாதத்தில் நடக்கிறதா, சில சொற்களேனும் பேசுகிறதா? நீண்ட சிகிச்சை பெற்ற குழந்தை இவற்றில் சற்றுத் தாமதித்தால் உடனே கலங்க வேண்டுவதில்லை. ஆனால் 'தானே சரியாகிவிடும்' என்று வாளா இருத்தலும் கூடாது. அறுவைக்குப் பின் மார்பெலும்பு கூடும்வரை குழந்தையைக் கைகளைப் பிடித்துத் தூக்கலாகாது. அதன் பின்னர், மருத்துவரின் அனுமதியுடன் தரையில் விட்டு விளையாடச் செய்தலும், முகம் பார்த்துப் பேசுதலும், கதை சொல்லுதலும் மருந்துக்கு நிகரானவை.

நமது நாட்டில் 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிவதை நோக்கமாகக் கொண்டது. அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளில் ஒருமுறையும் பரிசோதனை நடத்த அது வகை செய்கிறது. குறை கண்டறியப்படும் குழந்தைகளை மாவட்டங்களில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையங்களுக்கு அனுப்பவும் அதில் ஏற்பாடு உண்டு. பிறவி இருதய நோயும், நடை, மொழி ஆகியவற்றின் தாமதமும் அத்திட்டத்தின் பட்டியலில் சேர்ந்தே இடம்பெற்றுள்ளன. ஆகவே, இருதய அறுவை முடிந்த குழந்தையைப் பெற்றோர் இம்மையத்திற்கும் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுதல் நலம்.

அறுவைச் சிகிச்சை நிபுணரின் பணி சில மணி நேரத்தில் முடிகிறது. குழந்தை வளரும் பணியோ பல ஆண்டுகள் நடைபெறுகிறது. இருதயத் துடிப்பைக் காத்துத் தந்த மருத்துவத்தின் பயன் முழுமை பெறுவது, அக்குழந்தையின் பேச்சையும் நடையையும் கல்வியையும் வீடும் பள்ளியும் சேர்ந்து காக்கும்போதுதான்.