சந்தா நின்றால் கணக்கு யாருடையது?

மதுரை கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்தக் கடையானாலும் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையானாலும் இன்று பில் போடுவதும் பேரேடு எழுதுவதும் கணினியில்தான். அந்த மென்பொருளை ஒரே தடவையாக விலைக்கு வாங்குவதா, ஆண்டுதோறும் சந்தா கட்டுவதா என்று யோசிக்கும் வியாபாரி, எது மலிவு என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள் பழைய கணக்கு திறக்குமா என்பதே முதல் கேள்வி. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. அதன்படி 2023-24 கணக்கு 2030 டிசம்பர் முடியும்வரை கையில் இருக்க வேண்டும். நடுவில் கடையையே மூடினாலும் இந்தப் பொறுப்பு தீராது. சந்தா நின்றதும் பூட்டிக்கொள்ளும் மென்பொருளில் அந்தக் கணக்கு இருந்தால், சட்டம் கேட்பதைக் காட்ட வியாபாரி மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருக்கும். இது நியாயமே இல்லை.

சட்டம் அடிக்கடி மாறுகிறதே, ஒருமுறை வாங்கியது எத்தனை நாள் உதவும் என்று கேட்கலாம். சரியான கேள்விதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள்வரை இறங்கி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களே மாறின. இவற்றையெல்லாம் மென்பொருளில் ஏற்றித் தருபவருக்கு ஆண்டுக் கட்டணம் கொடுப்பதுதான் முறை. ஆனால் அந்தக் கட்டணம் புதிய வேலைக்கு உரியது. ஏற்கெனவே எழுதிய பேரேட்டைத் திறப்பதற்கு உரியதல்ல. பெங்களூருவின் கணக்கு மென்பொருள் நிறுவனமான டேலி இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அதன் நிரந்தர லைசென்ஸை வாங்கியவர் ரெனியூவல் செய்யாவிட்டால் புதிய பதிப்புகளும் இணையவழிச் சேவைகளும் கிடைக்காது. கையில் இருக்கும் பதிப்பு தொடர்ந்து ஓடும். 2013-இல் அடோபி எடுத்த முடிவு இதற்கு நேர்மாறானது. புதிய போட்டோஷாப் சந்தாவுக்கு மட்டுமே என்றானது. 2012-இன் சிஎஸ்6 பதிப்போடு நிரந்தர லைசென்ஸ் முடிந்துபோனது. போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோ, வரிச் சட்டம் மாறியதற்காக அந்த மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. அங்கே ஆண்டுக் கட்டணத்துக்கான நியாயம் இன்னும் மெலிந்தது.

புதிதாகக் கடை வைப்பவருக்கு மொத்தமாகப் பணம் புரட்டுவது கடினம், சந்தாதான் கட்டுப்படியாகும் என்பதும் உண்மையே. அவர் சந்தாவையே எடுக்கட்டும். ஆனால் சந்தா நின்ற பிறகு பேரேடு, பில்கள், சரக்கு இருப்பு ஆகியவற்றை எக்செல், பிடிஎஃப் வடிவில் எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்பதை முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மார்ச் 31 கணக்கை முடித்ததும் அவற்றை இறக்கி, ஒரு பிரதியைக் கடையிலும் இன்னொன்றை ஆடிட்டரிடமும் வைத்துவிட வேண்டும்.