ராணிக்கு ஒரு காஷன் ஆர்டர்

பொங்கல் மலருக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று நம் சங்க இதழின் ஆசிரியர் கேட்டபோது, "நாயைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். சிரித்துவிட்டார். முப்பத்தேழு வருடம் தண்டவாளத்தோடு மாரடித்தவன் ஏதாவது பாலத்தைப் பற்றியோ மலைப்பாதையைப் பற்றியோ எழுதுவான் என்று நினைத்திருப்பார். ஆனால் கடந்த நான்கு மாதமாக எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் நாய் வேலைதான். அதில் நான் செய்த தவறுகளும் கற்றுக்கொண்ட பாடங்களும் நாக்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் நாய் வளர்த்ததில்லை. எனக்குத் தெரிந்த நாய்களெல்லாம் கேங்மேன்களோடு ஓடி வந்தவைதான். மழைக்கால இரவில் கை விளக்கோடு பாட்ரோல் போகிறவருக்கு முன்னால் ஒரு நாய் போகும். பாம்பு இருந்தால் அதற்குத்தான் முதலில் தெரியும். ஆனாலும் அதை வீட்டுக்குள் கொண்டு வருவது என்பது எங்கள் யோசனைக்கே எட்டாத விஷயம்.

என் மனைவிக்கோ நாய் என்றாலே நடுக்கம். எட்டு வயதில் கிராமத்தில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவள். அந்தக் கால ஊசியின் வலி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். ஐம்பது வருடம் கழித்தும் தெருவில் நாய் படுத்திருந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது நினைவிருக்கும். 11-ஆம் தேதி டில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது என்றது. விரும்புகிறவர்கள் தெருநாயைத் தத்து எடுக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொன்னது. எங்களோடு இருக்கும் பேத்தி, பன்னிரண்டு வயது, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள். மகனும் மருமகளும் தலையாட்டினார்கள். மனைவி மட்டும், "என் சமையலறைப் பக்கம் வரக் கூடாது" என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

செப்டம்பர் முதல் வாரம் ராணி வந்தாள். மாநிறம், பல்லைப் பார்த்து இரண்டு வயது இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். இருசக்கர வண்டி மோதிப் பின்னங்கால் கொஞ்சம் தாங்கும். கருத்தடை ஆனதன் அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு. காப்பகத்தில் இன்னொரு செய்தியும் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் இவளைக் கூட்டிப்போய், ஒரே வாரத்தில் "சரிப்படவில்லை" என்று திருப்பிவிட்டதாம்.

பதினோராம் நாள் நடந்தது

முதல் பத்து நாள் ராணி கூடத்துக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். சாப்பாட்டை இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் தின்பாள். குக்கர் விசில் அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். மனிதக் காதுக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாய்க்கு 40,000-க்கும் மேல் எட்டும். நம் மிக்ஸி நமக்கு மிக்ஸி, அவளுக்கு அது எப்படிக் கேட்டதோ! யாராவது "ஹட்" என்றால் உடம்பைக் குறுக்கிக்கொள்வாள். இந்த ஊர்த் தெருவில் அவள் அதிகம் கேட்ட சொல் அதுதானே. நான் துடைப்பத்தை எடுத்தாலே சிறுநீர் கழித்துவிடுவாள்.

நானோ பொறியாளன். வேலை ஆரம்பித்தால் முடிவு தெரிய வேண்டும். பத்து நாள் ஆகியும் பழகவில்லையே என்று பொறுமை போய்விட்டது. நாலு பேரைப் பார்த்தால் பழகிவிடும் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து நண்பர்களைக் குழந்தைகளோடு காபிக்கு அழைத்தேன். கூடத்தில் பதினைந்து பேர். "எங்கே ராணி?" என்று குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்க, நான் கையை விட்டுக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். உறுமினாள். அது எச்சரிக்கை என்று புரியாமல் இன்னும் இழுத்தேன். கடித்துவிட்டாள்.

பெரிய கடி இல்லை, மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. என் கைக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து வயதுக் குழந்தையின் முகம் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது.

குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரி. ராணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தும், டாக்டர் சொன்னபடி எனக்கும் ஊசி. அன்பர்களே, இந்த விஷயத்தில் மட்டும் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. வருவதற்கு முன் தடுப்பது எளிது. மஞ்சளும் சுண்ணாம்பும் தடவுவது வைத்தியம் அல்ல. கூட வந்த மனைவி, ஊசி கையில் போடுவதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

அன்று இரவு வீட்டில் பஞ்சாயத்து. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் "நாளைக்கே திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மகனும் அதே பக்கம். பேத்தி அழுதுகொண்டிருந்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் "அனுப்பிவிடுங்கள்" என்று சொன்னால் முடிந்தது.

அவள் சொன்னாள்: "கடிச்சது தப்பு. ஆனா இழுத்தது நீங்க. எனக்கே அம்பது வருஷமாப் பயம் போகலை. அதுக்குப் பத்து நாள்ல போயிடணுமா?"

ஜல்லி உட்கார வேண்டும்

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் என் தொழிலே எனக்குப் பாடம் சொன்னது. பழைய ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பாதையில் எந்த ரயிலும் உடனே முழு வேகத்தில் போகாது. டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுப்போம். முதலில் 20 கிலோமீட்டர் வேகம், பிறகு 45, பிறகு 75, அப்புறம்தான் வழக்கமான வேகம். வண்டிகள் மெதுவாகப் போகப் போக, இடையில் பாதையை இறுக்க இறுக்க, ஜல்லி தன் இடத்தில் உட்காரும். அவசரப்பட்டால் பாதை விலகும். முப்பத்தேழு வருடம் மற்றவர்களுக்குக் காஷன் ஆர்டர் கொடுத்தவன், என் வீட்டுக்கு வந்த உயிருக்குக் கொடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனோம். நாய் தத்து எடுப்பவர்கள் சொல்லும் பொதுவான ஒரு கணக்கைச் சொன்னார்: திகைப்புத் தெளிய மூன்று நாள், வீட்டு முறை பழக மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். இது குறைந்தபட்சக் கணக்குதான், அடிபட்ட நாய்க்கு அதிகமும் ஆகலாம் என்றார். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.

20 கிலோமீட்டர்: விருந்தாளி இல்லை. குளிப்பாட்டுவது இல்லை. கூடத்திலிருந்து விலகிய ஒரு மூலையில் பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம். அங்கே இருக்கும்போது யாரும் தொடக் கூடாது. தின்னும்போதும் தூங்கும்போதும் பக்கத்தில் போகக் கூடாது. முகத்துக்கு நேரே குனியக் கூடாது, கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. சாப்பாடும் வெளியே போவதும் தினமும் ஒரே நேரத்தில். வாய் திறந்து கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், உடம்பு விறைத்தல் எல்லாமே "தள்ளிப் போ" என்ற பேச்சு. உறுமினால் திட்டக் கூடாது, விலகிவிட வேண்டும். உறுமலை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அது சிக்னலை உடைத்துவிட்டு விபத்து நடந்ததே என்று அழுவது போல.

45 கிலோமீட்டர்: அவளாக வந்தால் மட்டும் தொடலாம், தலைக்கு மேலே கை வேண்டாம், மார்புப் பக்கம் தடவலாம். 75 கிலோமீட்டர்: ஒருவர் இருவராக விருந்தாளி, உட்கார்ந்தபடி மட்டும்.

முதலில் யாரிடம் போனாள் தெரியுமா? பேத்தி தினமும் கெஞ்சினாள், நான் பிஸ்கட்டோடு காத்திருந்தேன். ராணி போனது என் மனைவியிடம். காரணம் எளிது. பயத்தினால் அவள் ஒருத்திதான் ராணியைப் பார்க்காமலும் கை நீட்டாமலும் இருந்தாள். சமையலறை வாசலில் முக்காலியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி காய் நறுக்குவாள். ஒருநாள் வேகவைத்த காரட் துண்டு ஒன்றைப் பின்பக்கமாக வீசினாள். மறுநாள் இன்னொன்று. பத்து நாளில் இரண்டு அடி தள்ளி ராணி படுத்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பழகிக்கொண்டார்கள்.

சாப்பாடும் மற்றவையும்

காப்பகத்தில் என்ன போட்டார்களோ அதையே ஒரு வாரம் போடுங்கள். பிறகு பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். எங்கள் வீட்டில் சைவம், ஆனாலும் தயிர்சாதம் மட்டும் போதாது என்று மருத்துவர் சொன்னதால் வேகவைத்த முட்டையும், கடையில் விற்கும் நாய் உணவும் சேர்த்தோம். நம் வீடுகளில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. ஆகவே மீந்த வெங்காய சாம்பார் கூடவே கூடாது. திராட்சை, பாயசத்தில் போடும் கிஸ்மிஸ், சாக்லேட் இவை விஷம். நமக்குப் போடும் வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.

கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். முதல் மாதங்களில் கதவு திறந்திருந்தால் ஓடிவிடும், ஓடினால் திரும்பத் தெரியாது. வெறிநோய் ஊசி வருடா வருடம் போட வேண்டும். உண்ணி பார்க்க வேண்டும், அதனால் காய்ச்சல் வரும். பெயருக்குத் திரும்பிப் பார்த்தால் மாற்ற வேண்டாம். பேச்சு எந்த மொழியானாலும் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். எங்கள் ராணிக்கு இப்போது "வா", "உட்காரு", "வேண்டாம்" மூன்றும் தமிழில்தான்.

நம் ஊர் வெயில் தெரியும். மே மாதம் காற்று 45 டிகிரி என்றால் தண்டவாளம் 60-ஐத் தாண்டும், தார்ச்சாலையும் அப்படித்தான். புறங்கையை ஐந்து விநாடி சாலையில் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

ஊருக்குக் கூட்டிப்போக ஆசைப்படுபவர்களுக்கு ரயில்வேக்காரன் சொல்வது இது. ஏசி முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுதாக எடுத்தால் உடன் வரலாம். இல்லையென்றால் பிரேக் வேனில் நாய்ப் பெட்டி. முதல் மூன்று மாதத்துக்குள் இரண்டுமே வேண்டாம்.

தீபாவளி இரவு

அக்டோபர் 20 தீபாவளி. ராணி வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. பொழுது சாயும் முன்பே வெளியே கூட்டிப்போய் வந்து, உள் அறை ஜன்னல்களை அடைத்து, நாதஸ்வரத்தைச் சத்தமாக வைத்தோம். அப்படியும் முதல் சரவெடிக்கே நடுங்க ஆரம்பித்துவிட்டாள். மூச்சு இரைக்க, எச்சில் ஒழுக, சுவரைப் பிறாண்டினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மனைவி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நள்ளிரவு தாண்டி நான் கதவைத் திறந்து பார்த்தபோது, நாய் என்றால் எதிர்ப்பக்கம் போகிறவளின் மடியில் ராணியின் தலை இருந்தது. இருவருமே தூங்கவில்லை. "சத்தம் போடாதீங்கோ" என்று எனக்கு ஜாடை காட்டினாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் கூரியர்க்காரர் மணி அடித்தபோது, அதுவரை குரலே காட்டாத ராணி முதல்முறையாகக் குரைத்தாள். அன்றைக்குத்தான் இதைத் தன் வீடு என்று முடிவு செய்திருக்கிறாள்! இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை. துடைப்பத்தைக் கண்டால் இன்றும் ஒதுங்குவாள். எங்கள் கட்டில் அடியில் யாரும் கையை விடுவதில்லை. சில காஷன் ஆர்டர்கள் நிரந்தரம்.

1981-ல் டிப்ளமாவோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது எனக்கு மொழி தெரியாது, சாப்பாடு பிடிக்காது. பேசினால் சிரிப்பார்கள் என்று அறைக்குள்ளேயே கிடந்தேன். வீட்டுக்கார மராட்டிய அம்மாள் எதையும் கேட்கவில்லை. தினமும் காலையில் ஒரு டம்ளர் டீயை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கதவைத் திறந்து அவரிடம் பேச எனக்கு எத்தனை வாரமானது என்று இப்போது நினைவில்லை. நம்மில் பலருக்கும் அப்படி ஒரு வாசற்படி இருந்திருக்கும்.

ராணியைப் பார்க்க விரும்பும் அன்பர்கள் வரலாம். ஒருவர் இருவராக, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். வந்தால் நாற்காலியில் உட்காருங்கள், காபி சாப்பிடுங்கள், அவளைப் பார்க்காதீர்கள். அவளே வருவாள்.